மணலிடை வாழும் உயிர்கள்

மிகச் சிறிய அளவைக் குறிக்க விரும்பும் தமிழர் 'கைம்மண் அளவு' என்பர். எண்ணித் தொலையாத தொகையைக் குறிக்கவும் கடற்கரை மணலையே எடுத்துக்காட்டுவர். பயனில்லாத முயற்சிக்கு மணலைக் கயிறாகத் திரித்தல் உவமையாயிற்று. நிலையில்லாத திட்டத்துக்கு மணற்கோட்டை உவமையாயிற்று. சிறுமியர் சிரட்டையிலே சமைக்கும் சோறும் மணலே. இவ்வழக்குகள் அனைத்திலும் மணல் உயிரற்ற பொருளாகவே நிற்கிறது. சோலையிலே உயிர் உண்டு. கடலிலே உயிர் உண்டு. இரண்டுக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பு மனிதர் நடந்து செல்லும் வெறும் வழி என்பதே பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதும், அது பிழையென்று தெரிவதற்கு இத்துணைக் காலம் சென்றது ஏன் என்பதுமே இப்பேச்சின் பொருள்.

நேயர்கள் எளிய சோதனையொன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையொன்றில் உலர்ந்த மணலை விளிம்புவரை நிரப்புக. குவளை நிறைந்துவிட்டதுபோலத் தோன்றும். பின்னர் அதன்மேல் மெல்ல மெல்ல நீரை ஊற்றுக. குவளையின் கனவளவிலே பத்தில் நான்கு பங்கு வரையான நீர் வழியாமல் உள்ளே இறங்கிவிடும். மணல்மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும், அவற்றின் இடுக்குகளிலே வெற்றிடம் அத்துணை உண்டு. கடற்கரையில் அவ்விடுக்குகளை நிரப்பி நிற்பது கடல்நீர். ஆகவே ஈரமணலில் நடப்பவர், உண்மையில், கல்லாலான கூரையை உடைய ஒரு நீர்நிலையின்மேல் நடக்கின்றார்.

அந்நீர்நிலையின் அறைகள் எத்தகையவை? முற்றத்திலே குவித்து வைத்த உரிக்காத தேங்காய்களை நினைத்துக்கொள்ளலாம். அரை மில்லிமீற்றர் பருமனுள்ள மணல்மணி ஒரு தேங்காயின் அளவுக்குப் பெருத்துவிட்டதாகக் கொண்டால், இங்கே சொல்லப்படும் உயிர்களுள் சில ஒரு சாண் நீளமும் இல்லாதனவாய்த் தேங்காய்களின் இடுக்கிலே அமர்ந்திருக்கும். வேறு சில ஒரு முழக் கயிறுபோல அவற்றினூடே வளைந்து வளைந்து செல்லும். தேங்காயை அசைக்காமல் இடுக்கினூடே நுழைந்து செல்வதுதான் இவற்றின் வாழ்க்கை முறை. மண்புழுவைப்போலத் துளைத்துச் செல்வதற்கு இவற்றுக்கு வலிமை போதாது. துளைக்க வேண்டிய தேவையும் இல்லை.

இவ்வீட்டுக்குக் காற்றோட்டம் தருவன அலையும் வற்றுப்பெருக்கும். அலை ஏறும்போது ஒட்சிசன் கலந்த புதுநீர் மணலினுள் இறங்குகிறது. அலை வடியும்போது பழைய நீர் வெளியேறுகிறது. இலங்கையின் கரைகளிலே வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. ஆதலின் இங்கே மூச்சூட்டும் தொழிலைப் பெரிதும் அலைகளே செய்கின்றன. கீழே செல்லச் செல்ல ஒட்சிசன் குறையும். அலை குன்றிய இடங்களிலே சிறிது ஆழமாகத் தோண்டினால் மணல் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுவதைப் பலர் கண்டிருப்பர். அது ஐதரசன் சல்பைட்டின் நாற்றம். மேலே வெளிச்சமும் உணவும் மிகுந்த மாடி. கீழே மூச்சுத் திணறும் நிலவறை. இரண்டுக்கும் இடையே பல தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் அதற்கேற்ற குடிகள் உள.

இக்குடிகளை அறிவியலார் அரிதட்டைக் கொண்டே வரையறுத்தனர். ஒரு மில்லிமீற்றர் அல்லது அரை மில்லிமீற்றர் துளையுள்ள அரிதட்டின் வழியே கீழே விழுந்துவிட வேண்டும், ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றரோ அதனினும் சற்றுக் குறைவோ ஆன துளையுள்ள அரிதட்டிலே தங்கிவிட வேண்டும். இவ்விரு தட்டுகளுக்கும் இடைப்பட்டனவே இவை. இங்கிலாந்தின் பிளிமத்துக்கு அண்மையிலே கடலடிச் சேற்றை ஆராய்ந்த மொலி மேர் என்னும் பெண் அறிஞர், 1942ஆம் ஆண்டிலே இக்கூட்டத்துக்குத் தனிப்பெயர் சூட்டினார். 'சிறிது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தமிழிலே இடைநுண்விலங்குகள் என்று சொல்லலாம். சாதாரணமான கடலடியிலோ கடற்கரையிலோ ஒரு சதுர மீற்றர் பரப்பின் கீழே இவற்றுள் பத்து இலட்சம் வரை வாழ்வது வியப்பன்று. ஒரு பிடி ஈரமணலிலே பல நூறு விலங்குகள் இருக்கக்கூடும்.

இவற்றின் வாழ்வை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் யேர்மனி நாட்டின் கீல் நகரத்து விலங்கியலாளர் அடொல்வ் றெமானே. 1920களிலே கீல் விரிகுடாவின் மணலை அவர் அள்ளி அள்ளிச் சோதித்தார். தற்செயலாக மணலில் வந்து சிக்கிய உயிர்களை அன்றி, மணலிடுக்கிலே பிறந்து, உண்டு, இனம்பெருக்கி, அங்கேயே மடியும் ஒரு தனிச் சமூகத்தை அவர் கண்டார். ஒன்றோடொன்று உறவில்லாத பல குலத்து விலங்குகள் இங்கே ஒரே சாயலைப் பெற்றிருந்தன. உடல் மெலிந்து நீண்டிருந்தது. புரண்டோடும் மணலிலே அடித்துச் செல்லப்படாதிருக்க ஒட்டும் பசையைச் சுரக்கும் உறுப்புகள் இருந்தன. பல விலங்குகள் நீந்தாமல், உடலை மூடிய நுண்ணிய பிசிர்களாலே வழுக்கிச் சென்றன. ஒரே வீடு, அதில் வாழவந்த பல குலத்தாரையும் ஒரே அச்சிலே வார்த்துவிட்டது.

அக்குடிகளுட் சிலவற்றை அறிமுகம் செய்வது தகும். எண்ணிக்கையிலே முன்நிற்பவை வட்டப்புழுக்கள். பெரும்பாலான இடங்களில் பாதிக்கு மேற்பட்டவை இவையே. அடுத்து நிற்பவை கோப்பிபொட்டுகள் எனப்படும், இறால் நண்டுகளின் சுற்றத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள். எட்டுக் கால்களோடு கரடிக்குட்டி போல ஊர்ந்து செல்லும் நீர்க்கரடிகளும் உண்டு. அவற்றுள் ஒரு சாதி, விரல் நுனியிலே வட்டத் தட்டுப் போன்ற உறுப்பைப் பெற்று மணல்மணியைப் பற்றிக்கொள்கிறது. அதனை 1909ஆம் ஆண்டிலே றிக்டர்ஸ் என்பவர் பெயரிட்டு விவரித்தார். கடலிலே குடைபோல மிதக்கும் சொறிமுட்டையின் உறவினம் ஒன்றும் மணலுக்குள் குடிபுகுந்து, மிதப்பதை மறந்து, ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிப் பிசிர்களாலே ஊர்கின்றது. அதனை விவரித்தவர் றெமானே, ஆண்டு 1927.

இவற்றின் இல்லறமும் சிக்கனமானது. மீன்கள் பலவும் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் முட்டையிட்டுக் கடலிலே விட்டுவிடுகின்றன. மணலிடை வாழும் விலங்குக்கு அவ்வாறு விட உடலிலே இடமில்லை. பெரும்பாலானவை ஒருமுறைக்குச் சில முட்டைகளே இடும். அம்முட்டையை மணல்மணியோடு ஒட்டிவிடும். மிதந்து திரியும் குடம்பிப் பருவம் பெரும்பாலும் இல்லை. தாயின் வீட்டருகே பிள்ளை பிறந்து அங்கேயே வாழ்கின்றது. இச்செய்தி பின்னர் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும்.

இனி, இவ்வுயிர்கள் இத்துணைக் காலம் மறைந்திருந்தது ஏன் என்னும் வினாவுக்கு வருவோர்க்கு இரண்டு கடற்கரைகள் விடை தரும். ஒன்று அமெரிக்காவிலுள்ள வூட்ஸ் கோல். 1888ஆம் ஆண்டிலிருந்து அங்கே புகழ்பெற்ற கடலுயிரியல் ஆய்வுகூடம் ஒன்று இயங்கி வந்தது. உலகின் தேர்ந்த விலங்கியலாளர் பலர் கோடைதோறும் அங்கே கூடினர். மாலையில் அம்மணலிலே நடந்தனர். அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், பென்னாக், சின் என்னும் இருவர் அதே ஊரின் கடற்கரை மணலிலிருந்து, அதுவரை எவரும் அறியாத வகையைச் சேர்ந்த, அரை மில்லிமீற்றர் நீளமுள்ள ஓட்டுடலி ஒன்றை 1943ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தனர். தேடப்பட்ட புதுமை ஆய்வுகூடத்தின் வாயிலிலேயே, தேடியவரின் காலடியிலேயே இருந்தது.

மற்றது பிரான்சு நாட்டின் வடமேற்கிலே கடலுள் நீண்டு கிடக்கும் பிரெற்றனிக் குடாநாடு. 1841ஆம் ஆண்டிலே, அக்குடாநாட்டின் சென் மலோவுக்கு அண்மையில், பீலிக்ஸ் டுயார்டன் என்னும் அறிஞர் உடல் முழுதும் கணுக்கணுவாய் அமைந்து, முட்கள் சூழ்ந்த தலையை உள்ளிழுத்தும் வெளிநீட்டியும் முன்னேறும் நுண்விலங்கொன்றைக் கண்டார். அது பின்னர் தனிக்கணமாக ஏற்கப்பட்டது. அதே வடகரையிலுள்ள றொஸ்கோவ் என்னும் சிற்றூரிலே 1872ஆம் ஆண்டில் லக்காஸ் டியூற்றியே ஒரு கடலாய்வு நிலையத்தை நிறுவினார். வற்றுப்பெருக்கின் வேறுபாடு எட்டு மீற்றருக்கும் மேலாகும் இடம் அது. நீர் வற்றும்போது அவ்வூர் மணலிலே பச்சைப் படலங்கள் தோன்றும். அருகே சென்று காலடி வைத்தால் அப்பச்சை மறைந்துவிடும். அது பாசியன்று, உடலுக்குள் பச்சை அல்காக்களைக் குடிவைத்து, அவை வெயிலிலே ஆக்கும் உணவால் வாழும், சில மில்லிமீற்றர் நீளமுள்ள புழுக்களின் கூட்டம். காலடியின் அதிர்வு கேட்டதும் அவை மணலுள் இறங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் குடியே இவ்வாறு ஒளித்துக்கொள்ளுமாயின், தெரியாத குடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1982ஆம் ஆண்டிலே, டென்மார்க்கைச் சேர்ந்த றைன்காட் கிறிஸ்டென்சன் றொஸ்கோவ் நிலையத்தில் தங்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். புறப்பட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கடலடியிலிருந்து எடுத்த சிப்பித்துகள் கலந்த பருமணல் பெருந்தொகையாக எஞ்சியிருந்தது. வழக்கமான முறைகளாலே மெல்ல மெல்லப் பிரித்தெடுக்க நேரம் இல்லை. ஆகவே அவர் மணலை நன்னீரிலே அலசினார். உப்புநீரிலே வாழும் விலங்குக்கு நன்னீர் பெரும் அதிர்ச்சி; அதன் பிடி தளர்ந்துவிடும். அலசிய நீரை வடித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, எந்தக் கணத்திலும் அடங்காத ஒரு விலங்கு, குடம்பி முதல் முதிர்ந்த பருவம் வரை, அங்கே கிடந்தது. மணல்மணியை அத்துணை இறுகப் பற்றிக்கொண்டிருந்தமையாலேயே அதுவரை அது அறிஞரின் கைக்கு எட்டாதிருந்தது.

கால் மில்லிமீற்றர் அளவினதாகிய அவ்விலங்கின் உடல், தகடுகளால் ஆகிய ஒரு கவசத்துள் இருக்கிறது. தலையைச் சூழ வரிசை வரிசையாக முட்கள். தலையை அப்படியே கவசத்துள் இழுத்துக்கொள்ள முடியும். 1983ஆம் ஆண்டிலே கிறிஸ்டென்சன் அதனை விவரித்து, 'கவசம் தாங்கி' எனப் பொருள்படும் லொரிசிபெரா என்னும் புதிய கணத்தையே நிறுவினார். புதிய இனம் ஒன்றைக் காண்பது விலங்கியலிலே அன்றாட நிகழ்ச்சி. புதிய கணம் காண்பதோ அரிதினும் அரிது. விலங்குலகம் முழுவதும் ஏறத்தாழ முப்பத்தைந்து கணங்களுள் அடங்கும். மனிதரும் மீனும் பறவையும் பாம்பும் சேர்ந்து ஒரே கணம். அத்தகைய பெரும் பிரிவொன்று, நூற்றுப்பத்து ஆண்டுகளாக ஆய்வுநிலையம் இயங்கிய ஊரின் மணலிலே அறியப்படாமல் இருந்ததென்றால், அறியாமைக்குக் காரணம் தூரம் அன்று. பார்க்கத் தகுந்தது அன்று என்னும் எண்ணமே ஆகும்.

இக்கவச விலங்குகளின் கதை அங்கே முடியவில்லை. மத்தியதரைக் கடலிலே, மூவாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஒட்சிசன் அறவே இல்லாத உவர்நீர்ப் பள்ளமொன்று உண்டு. அதன் சேற்றிலிருந்து இக்கணத்தைச் சேர்ந்த மூன்று இனங்களை எடுத்ததாகவும், அவை ஒட்சிசன் இன்றியே வாழ்வதாகவும் இத்தாலியரான றொபேட்டோ டனொவாரோவும் அவரது குழுவினரும் 2010ஆம் ஆண்டிலே அறிவித்தனர். மூச்சுக்காற்று இன்றி வாழ்நாள் முழுவதையும் கழிக்கும் பல்கல விலங்கு உண்டு என்பது உயிரியலின் அடிப்படைகளையே அசைக்கும் கூற்று. மேலிருந்து விழுந்த இறந்த உடல்களே அவை எனக் கருதும் அறிஞரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை.

இத்துணைச் சிறியவற்றால் மனிதருக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். கடல் கொண்டுவந்து தள்ளும் இறந்த மீனும் கடற்பூண்டும் பிற கழிவும் கரையிலே மலையாகக் குவியாதிருப்பது எதனால்? மணலினூடே வடியும் நீரிலுள்ள கழிவைப் பற்றீரியாக்கள் சிதைக்கின்றன. இந்நுண்விலங்குகள் அப்பற்றீரியாக்களை மேய்கின்றன. மேய்ச்சலால் புல் துளிர்ப்பதுபோல, மேயப்பட்ட பற்றீரியாக்கள் மீண்டும் விரைந்து பெருகித் தம் தொழிலைத் தொடர்கின்றன. நகரங்களுக்குக் குடிநீர் வழங்கும் மணல்வடிகட்டிகளிலும் தூய்மை செய்வது மணல் மட்டுமன்று, அதன்மேல் வாழும் உயிர்ப்படையே. மேலும், இவை இளமீன்களுக்கு இரை. கனடாவின் மேற்குக் கரையிலே நனைமோ ஆற்றுமுகத்தில், ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒருவகைச் சமன் குஞ்சுகளின் முக்கிய உணவு கடலடிக் கோப்பிபொட்டுகளே என்பது 1979ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. இறாலின் குஞ்சும் மணலடி மீன்களின் குஞ்சும் இவ்வாறே மேய்கின்றன. வலையிலே விழும் மீனின் முதற் கவளம் மணலிடுக்கிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும்.

ஆயினும் கண்ணுக்குத் தெரியாத குடிக்கு நேரும் இடர் எவர் கண்ணிலும் படுவதில்லை. 1978ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆம் திகதி, அதே பிரெற்றனிக் கரையிலே 'அமோக்கோ கடிஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையிலே மோதிப் பிளந்தது. ஏறத்தாழ 2,20,000 தொன் மசகெண்ணெய் கடலிலே கொட்டியது. முந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கரை கறுத்தது. எண்ணெயில் தோய்ந்த பறவைகளின் படங்களைப் பார்த்து உலகம் இரங்கியது. மணலுக்குள் நடந்ததை அறிஞர் சிலரே ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்தனர். எண்ணெய் இடுக்குகளை அடைத்தால் நீரோட்டம் நிற்கும், ஒட்சிசன் ஒழியும். பெருங்கடலிலே மிதக்கும் குடம்பிகளை உடைய விலங்காயின், அழிந்த இடத்துக்கு அயலிலிருந்து குஞ்சுகள் விரைந்து வந்து சேரும். தாயின் வீட்டருகே பிறந்து வாழும் மணற்குடிகளுக்கு அவ்வழி பெரும்பாலும் இல்லை. அலை புரட்டும் மணலோடு சேர்ந்து அடித்துவரப்படுவனவே மீண்டும் குடியேற வேண்டும்.

இவ்வுயிர்களைக் கொண்டே கடலின் நலத்தை அளக்கலாம் என்னும் எண்ணமும் எழுந்தது. மாசுற்ற மணலிலே கோப்பிபொட்டுகள் முதலில் மடிகின்றன. வட்டப்புழுக்கள் பெரிதும் தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே இரண்டின் விகிதத்தை எண்ணினால் மாசின் அளவு தெரியும் என்று றபேலி, மேசன் என்னும் இருவர் 1981ஆம் ஆண்டிலே முன்மொழிந்தனர். மணல்மணியின் பருமன் மாறினாலும் அவ்விகிதம் மாறும் என மற்றையோர் மறுத்துரைத்தனர். எனினும், நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல மணலின் நாடியைப் பார்க்கலாம் என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது.

இலங்கைக்கும் இவ்வாராய்ச்சியோடு தொடர்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப்படுக்கைகள் ஏன் பொய்க்கின்றன என்று அறிய, 1902ஆம் ஆண்டிலே லிவர்பூல் பேராசிரியர் கேர்ட்மன் இங்கே வந்தார். முத்துச்சிப்பியைத் தேடி வந்தவர் சேர்த்த பொருள்களிலே கோப்பிபொட்டுகளும் இருந்தன. தொம்சன், ஸ்கொட் என்னும் இருவர் அவற்றை ஆராய்ந்து 1903ஆம் ஆண்டிலே அறிக்கை எழுதினர். பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவின் கிழக்குக் கரையிலே, ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணபதியும் சந்திரசேகரராவும் 1960களில் வால்டெயர்க் கடற்கரை மணலை ஆராய்ந்து, வங்கக் கடலின் கரையும் இக்குடிகளால் நிறைந்ததே என்று காட்டினர்.

2021ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகளிலே பெருந்தொகை கடலிற் சிந்தி, மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியது. சரக்குவ முதலிய கரைகளிலே தொழிலாளரும் படையினரும் அரிதட்டுகளை ஏந்தி மணலை அரித்து அரித்து அம்மணிகளைப் பிரித்தனர். விலங்கியலாளர் உயிரைத் தேடுவதற்கு எடுத்த அதே கருவி, இங்கே நஞ்சைப் பொறுக்குவதற்கு வேண்டியதாயிற்று. கரையொதுங்கிய ஆமைகளை எண்ண முடிந்தது. அரிதட்டின் துளைவழியே கீழே விழுந்த மணலோடு கூடவே விழுந்த உயிர்களை அங்கு நின்றோர் காண்பதற்கு வழியில்லை. மணலை வெறும் கட்டடப் பொருளாகக் கருதி வண்டி வண்டியாக அள்ளும்போதும் இதுவே நிகழ்கிறது. ஒரு வண்டி மணல் என்பது ஓர் ஊர் பெயர்ந்து போவதற்கு ஒப்பாகும்.

காணாத ஒன்றைக் காக்க எவரும் முன்வரார். ஆகவே காணச் செய்வதே முதற் பணி. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அலை வந்து திரும்பும் இடத்திலே, ஒரு சாண் ஆழத்திலிருந்து பருமணல் ஒரு பிடி எடுத்துச் சாடியில் இடுக. நன்னீர் ஊற்றிச் சில கணங்கள் சுழற்றி, மணல் அடியிற் படிந்ததும் மேல்நீரை மிக நெருங்கிய இழையுள்ள துணியிலே வடிக்க. தாமதியாது அத்துணியைச் சிறிது கடல்நீரிலே அலசி, அந்நீரின் சில துளிகளைப் பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க. றொஸ்கோவிலே கிறிஸ்டென்சன் கையாண்ட வழி இதுவே. திருகோணமலையிலோ, மன்னாரிலோ, கல்முனையிலோ கடற்கரையை அடுத்துள்ள எந்தப் பாடசாலை மாணவரும் இதனைச் செய்யலாம். பார்த்ததும் மணலை முன்போலக் கருத அவரால் இயலாது. பார்த்து முடிந்ததும் மணலையும் நீரையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது முறை. கைம்மண் என்பது சிறுமையின் அளவன்று என்பதை, பிறர் சொல்லக் கேட்டு அறிவதினும், ஒரு பிடி மணலைத் தாமே அலசிப் பார்த்து அறிவதே மேல்.